நீளம் கேட்டால் என்ன செலவாகும்?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோடி எண்கள் அடங்கிய லிஸ்ட் (உறுப்புகளின் பட்டியல்) ஒன்று இருக்கிறது. 'லென்' என்ற செயற்கூற்றை அழைத்து அதன் நீளத்தைக் கேட்கிறீர்கள். உடனே விடை வருகிறது. மூன்றே எண்கள் உள்ள லிஸ்ட்டைப் பற்றிக் கேட்டாலும் அதே வேகம்தான். நிரல் எழுதப் புதிதாகக் கற்பவருக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஒரு கோடி உறுப்புகளை எண்ணியிருந்தால் கொஞ்சமாவது நேரம் ஆகியிருக்காதா? எண்ணாமலே எப்படித் தெரிந்தது?

உண்மையில் அது எண்ணவே இல்லை. எண்ணிக்கை ஏற்கெனவே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது; 'லென்' அதைப் படித்துச் சொல்கிறது. வேலைக்கான நேர்காணலில் "அணியின் (அரே) நீளத்தை அறிய ஆகும் நேரச் சிக்கல்தன்மை என்ன?" (அதாவது, உறுப்புகள் பெருகும்போது நேரம் எப்படிப் பெருகும்) என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் "ஓ ஆஃப் ஒன்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியான விடைதான். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தது யார், எப்போது என்று அடுத்த கேள்வி வந்தால்தான் திணறல் தொடங்கும். எனக்குச் சுவையாகப் படுவது அந்த இரண்டாம் கேள்வி.

முதலில் இந்த 'ஓ' குறியீட்டைப் பார்த்துவிடலாம். கல்யாண மண்டபத்தில் சமையல் ஒப்பந்தக்காரர் இலைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார். எத்தனை இலை விழுந்தது என்பதை இரண்டு வகையில் அறியலாம். ஒவ்வொரு பந்தியிலும் இலை போடும்போதே ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டு வரலாம். அல்லது எல்லாம் முடிந்தபிறகு பின்கட்டில் குவிந்த எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முதல் வகையில், எப்போது கேட்டாலும் நோட்டைப் பார்த்தால் போதும். ஐம்பது இலையானாலும் ஆயிரத்து ஐந்நூறு இலையானாலும் பார்க்க ஆகும் நேரம் ஒன்றே. இதை ஓ(1) என்று எழுதுவார்கள். இரண்டாம் வகையில் இலை இரட்டித்தால் உழைப்பும் இரட்டிக்கும். உறுப்புகளின் எண்ணிக்கையை 'என்' என்று வைத்துக்கொண்டால் இது ஓ(என்).

ஓ(1) என்றால் 'மிக வேகம்' என்று பொருள் இல்லை. 'ஒரே படி' என்றும் பொருள் இல்லை. அளவு பெருகினாலும் செலவு பெருகாது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நோட்டில் குறிப்பவருக்கும் கூலி உண்டு. கேட்கும்போது உழைப்பு இல்லை என்றால், அந்த உழைப்பு முன்பே சிறுசிறு துண்டுகளாக, இலைக்கு ஒரு கோடு என்று செய்து முடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். எந்த மொழியிலும் நீளம் இலவசமாகக் கிடைப்பதில்லை. செலவை எந்த நேரத்தில் யார் தலையில் போடுவது என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன.

பைத்தானின் லிஸ்ட் நினைவகத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தான் செயலாக்கமான சி-பைத்தானில் ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் ஒரு சிறிய தலைப்பகுதி உண்டு. இதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன, இது என்ன வகை, இப்போது எத்தனை உறுப்புகள், அந்த உறுப்புகள் எங்கே இருக்கின்றன, மொத்தம் எத்தனை உறுப்புகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். நீக்கினால் ஒன்று குறையும். சேர்ப்பதற்கு எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளோடு ஒப்பிட்டால், ஓர் எண்ணை ஒன்று கூட்டுவது கணக்கிலேயே வராது. டிக்‌ஷனரி, செட், டியூப்பிள், சரம் (எழுத்துகளின் தொடர்) எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

உறுப்புகளின் எண்ணிக்கையும் ஒதுக்கிய இடமும் வெவ்வேறு என்பதைப் பல பாடங்கள் சொல்லாமல் போய்விடுகின்றன. லிஸ்ட்டில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் புது இடம் தேட வேண்டாம் என்பதற்காகப் பைத்தான் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கி வைத்திருக்கும். 'லென்' சொல்வது நிரம்பிய இருக்கைகளை. மொத்த இருக்கைகளை அல்ல. கோ மொழியில் இந்த இரண்டையும் நாமே கேட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு ஸ்லைஸ் என்பது மூன்று மதிப்புகளின் தொகுப்பு: உறுப்புகள் இருக்கும் முகவரி, நீளம், கொள்ளளவு. 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். சி++ மொழியின் வெக்டர் இன்னொரு வழியில் போகிறது. வழக்கமான செயலாக்கங்களில் அது நீளத்தை எழுதி வைப்பதில்லை. தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் வைத்துக்கொண்டு, கேட்கும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ஓர் உறுப்பின் அளவால் வகுக்கிறது. ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். இதுவும் ஓ(1) தான்.

ஜாவாவின் அணிக்கு இந்தப் பராமரிப்புத் தொல்லையே கிடையாது. அணியை உருவாக்கும்போதே அளவு முடிவாகிவிடுகிறது. பிறகு அது மாறாது. அந்த எண் அணியின் தலைப்பகுதியில் 4 பைட் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் படிக்க ஜாவாவின் பைட்கோடில் தனிக் கட்டளையே உண்டு. ஜாவா அணியில் 2,147,483,647 உறுப்புகளுக்கு மேல் வைக்க முடியாததற்கும் இதுவே காரணம்: நீளத்துக்கான வகை, குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்.

ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் விசித்திரமானது. வெற்று அணி ஒன்றில் 99-ஆம் சுட்டெண்ணில் (உறுப்பின் இட எண்; அது பூஜ்யத்தில் தொடங்கும்) ஒரே ஒரு மதிப்பை வையுங்கள். நீளம் 100 என்று வரும். உள்ளே இருப்பது ஒன்றுதான்! அங்கே 'லெங்த்' என்பது உறுப்புகளின் எண்ணிக்கை அல்ல. மிகப் பெரிய சுட்டெண்ணை விட ஒன்று கூடுதல். அந்த மதிப்பை நீங்களே மாற்றவும் செய்யலாம்: பூஜ்யம் என்று எழுதினால் அணி காலியாகிவிடும். படிப்பது எவ்வளவு மலிவோ, இப்படிக் குறைத்து எழுதுவது அவ்வளவு மலிவு என்று எண்ணிவிட வேண்டாம். நீக்கப்படும் உறுப்புகளை யாராவது அப்புறப்படுத்த வேண்டுமே.

இனி சி மொழி. இந்தக் கேள்வியின் உண்மையான கனம் அங்கேதான் தெரியும்.

சி மொழியில் பத்து முழு எண்களுக்கு ஓர் அணியை அறிவித்தால், இன்றைய கணினிகளில் பொதுவாக அடுத்தடுத்து 40 பைட் கிடைக்கும். அவ்வளவுதான். தலைப்பகுதி இல்லை, நோட்டு இல்லை, குறிப்பவர் இல்லை. நீளம் வேண்டுமென்றால் 'சைஸ்ஆஃப்' கொண்டு முழு அணியின் அளவை எடுத்து, ஓர் உறுப்பின் அளவால் வகுப்பது வழக்கம்: 40 வகுத்தல் 4, விடை 10. இந்தக் கணக்கு நிரல் ஓடும்போது நடப்பதில்லை. கம்பைலர் மொழிபெயர்க்கும்போதே 10 என்று எழுதிவிடும். ஓடும் நேரத்தில் செலவு பூஜ்யம். (அளவு ஓடும்போதுதான் தெரியவரும் அணிகள் மட்டும் விதிவிலக்கு.)

அதே அணியை வேறொரு செயற்கூற்றுக்கு அனுப்பிப் பாருங்கள். உள்ளே போவது அணி அல்ல, அதன் முதல் உறுப்பின் முகவரி மட்டுமே. அங்கே 'சைஸ்ஆஃப்' கேட்டால் முகவரியின் அளவான 8 பைட் வரும். 8 வகுத்தல் 4, விடை 2. பத்து உறுப்புகள் உள்ள அணிக்கு இரண்டு என்று விடை வருவதைப் பார்த்துக் குழம்பாத சி மாணவர் அரிது. நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் ஓடும் என்பது கூடுதல் கொடுமை. நல்ல கம்பைலர்கள் எச்சரிக்கையாவது தருகின்றன. இதனால்தான் சி மொழிச் செயற்கூறுகள் பலவும் அணியோடு நீளத்தையும் தனியாகக் கேட்டு வாங்குகின்றன. 'மெயின்' செயற்கூறே இதற்கு உதாரணம்: கட்டளை வரியில் வந்த சொற்கள் 'ஆர்க்-வி' என்ற அணியில், அவற்றின் எண்ணிக்கை 'ஆர்க்-சி' என்ற மாறியில். வேடிக்கை என்னவென்றால், அந்த அணியின் கடைசியில் ஒரு வெற்றுச் சுட்டும் (எதையும் காட்டாத முகவரி) இருக்கும் என்று சி தரநிலை உறுதி தருகிறது. நோட்டைப் பார்த்தும் அறியலாம், நடந்து போய் எண்ணியும் அறியலாம்.

சரங்களுக்கு வரும்போது சி மொழி இரண்டாம் வழியை மட்டுமே வைத்துக்கொண்டது. எழுத்துகள் வரிசையாக இருக்கும். முடிவில் பூஜ்ய மதிப்புடைய ஒரு பைட் நிற்கும். நீளம் கேட்கும் 'ஸ்ட்ர்லென்', அந்தப் பூஜ்யத்தைச் சந்திக்கும் வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஓ(என்). இன்றைய நூலகங்கள் ஒரே அடியில் 16 அல்லது 32 பைட்டைப் பார்த்துவிடும் அளவுக்குத் திறமையானவை; ஆனாலும் சரம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கத்தான் செய்யும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் காரணம் சொல்லியிருக்கிறார். சி மொழிக்கு மூதாதையான பிசிபிஎல் மொழியில் சரத்தின் முதல் இடத்திலேயே நீளம் எழுதப்பட்டிருந்தது. 8 அல்லது 9 பிட் இடத்தில் எழுதும் எண் சரத்தின் நீளத்துக்கு வரம்பு போட்டுவிடுகிறது. மேலும் அந்த எண்ணைப் பராமரிப்பதைவிட முடிவில் ஓர் அடையாளம் வைப்பது வசதியாக இருந்தது என்பது அவர் தரும் விளக்கம். டர்போ பாஸ்கலில் சரம் 255 எழுத்துகளைத் தாண்ட முடியாமல் இருந்ததை நினைத்தால், அவர் அஞ்சியதில் நியாயம் தெரிகிறது. நினைவகம் கிலோபைட் கணக்கில் கிடைத்த காலத்தின் முடிவு அது. நாம் இன்னும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வட்டி எப்படி ஏறும் என்று பாருங்கள். ஒரு சரத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மடக்கு (லூப்) எழுதுகிறீர்கள். 'இன்னும் முடிவு வரவில்லையா' என்று சோதிக்கும் இடத்தில் 'ஸ்ட்ர்லென்' அழைக்கிறீர்கள். அந்தச் சோதனை ஒவ்வொரு சுற்றிலும் நடக்கும். ஒரு லட்சம் எழுத்துகள் என்றால் ஒரு லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு லட்சம் எழுத்துகள்: மொத்தம் ஆயிரம் கோடி. ஓ(என்) வேலை சத்தமில்லாமல் என்-இன் வர்க்கமாகிவிட்டது. சரம் மாறவில்லை என்று கம்பைலரால் உறுதிசெய்ய முடிந்தால் அதுவே அழைப்பை மடக்குக்கு வெளியே தூக்கி வைத்து உங்களைக் காப்பாற்றும். மடக்குக்குள் சரத்தைத் திருத்தினால் அந்தக் காப்பு கிடைக்காமல் போகலாம்.

இது பாடநூல் உதாரணம் என்று தோன்றினால், 2021-இல் நடந்த கதையைக் கேளுங்கள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் என்ற புகழ்பெற்ற ஆட்டம் தொடங்குவதற்கே பல நிமிடங்கள் பிடித்தது. ஆண்டுக்கணக்கில் எல்லோரும் சகித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர் ஒருவர் மூலநிரல் கையில் இல்லாமலே உள்ளே நோண்டிப் பார்த்தார். விற்பனைப் பொருள்களின் விவரம் சுமார் 10 மெகாபைட் கொண்ட ஒரே ஜேசன் (உரை வடிவத் தரவு) கோப்பாக வருகிறது. ஏறத்தாழ 63,000 பொருள்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க ஒரு நூலகச் செயற்கூறு திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டது. அந்தச் செயற்கூறு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், மீதி இருக்கும் கோப்பு முழுவதின் நீளத்தையும் 'ஸ்ட்ர்லென்' மூலம் அளந்துகொண்டிருந்தது! நிரலாளர் 'ஸ்ட்ர்லென்' என்று ஓரிடத்திலும் எழுதியிருக்க வேண்டியதில்லை. அது நூலகத்துக்குள் ஒளிந்திருந்தது. பொருள் ஏற்கெனவே பட்டியலில் உள்ளதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும் இன்னொரு வீண்வேலையும் கூடவே இருந்தது. நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படியும் அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கும்படியும் அவர் மாற்றியதும், அவருடைய கணினியில் சுமார் 6 நிமிடம் ஆனது 2 நிமிடத்துக்கும் கீழே வந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் தந்தது.

சரி, நோட்டு வைத்துக்கொள்வதுதான் எப்போதும் நல்லதா? இல்லை. இணைப்புப் பட்டியலில் நோட்டு சில நேரம் சுமையாகிவிடும். ஒவ்வொரு கணுவும் (உறுப்பு இருக்கும் பெட்டி) தன் மதிப்போடு அடுத்த கணுவின் முகவரியையும் வைத்திருக்கும் அமைப்பு அது. ஒரு பட்டியலின் நடுவிலிருந்து ஒரு நீண்ட துண்டை வெட்டி இன்னொரு பட்டியலில் ஒட்ட வேண்டும் என்றால், சில முகவரிகளை மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் இரண்டு பட்டியல்களும் தத்தம் நீளத்தைக் குறித்து வைத்திருந்தால், வெட்டிய துண்டில் எத்தனை கணு என்று நடந்து எண்ணியே ஆக வேண்டும். நீளம் கேட்பது மலிவானால் ஒட்டுவது விலையேறும். ஒட்டுவது மலிவானால் நீளம் விலையேறும். சி++ மொழியின் 1998 தரநிலை, பட்டியலின் அளவை அறிய ஓ(என்) ஆனாலும் பொறுத்துக்கொண்டது. 2011 தரநிலை, கட்டாயம் ஓ(1) ஆக வேண்டும் என்று முடிவுகட்டியது. ஜிசிசி கம்பைலர் 2015-இல் வந்த 5-ஆம் பதிப்பில்தான் இதற்கு மாறியது. 2011-இல் சேர்க்கப்பட்ட ஒருவழிப் பட்டியலுக்கோ நீளம் சொல்லும் செயற்கூறே வைக்கவில்லை. நீளம் கேட்கும் பழக்கம் உள்ளவர் வேறு அமைப்பைத் தேடிக்கொள்ளட்டும் என்ற அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹாஸ்கெல், எர்லாங் போன்ற மொழிகளின் பட்டியலும் இணைப்புப் பட்டியலே. நீளம் கேட்டால் கடைசி வரை நடக்கும். எர்லாங் குடும்பத்தைச் சேர்ந்த எலிக்ஸிர் இதைப் பெயரிலேயே காட்டிவிடுகிறது. 'சைஸ்' என்று முடியும் செயற்கூறு ஓ(1). 'லெங்த்' என்றிருந்தால் ஓ(என்). இத்தகைய மொழிகளில் 'பட்டியல் காலியா' என்று அறிய நீளத்தைக் கேட்டு அது பூஜ்யமா என்று ஒப்பிடாதீர்கள். பத்து லட்சம் கணுக்களை நடந்து முடித்தபிறகு 'காலியில்லை' என்று தெரிந்துகொள்வதில் என்ன பயன்? முதல் கணு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடங்களில் நோட்டின் சிக்கல் இன்னும் வேறு. ஜாவாவில் ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பல இழைகள் (த்ரெட்) ஒருங்கே பயன்படுத்த 'கன்கரண்ட் லிங்க்ட் கியூ' என்றொரு வரிசை உண்டு. அதன் அளவைக் கேட்டால் ஒவ்வோர் உறுப்பாக எண்ணும்; எண்ணும்போதே யாராவது சேர்த்தால் விடை பிழையாகவும் போகலாம் என்று ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது. பொது எண்ணிக்கை ஒன்றை வைத்தால் எல்லா இழைகளும் ஒவ்வொரு முறையும் அந்த ஓர் எண்ணைத் திருத்தப் போட்டியிட வேண்டும். வேகத்துக்காகக் கட்டிய வரிசைக்கு அதுவே தடையாகும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் இதே நிலைமை. பழைய மைஐசாம் வகை அட்டவணை மொத்த வரிசைகளின் எண்ணிக்கையை எழுதி வைத்திருந்ததால் உடனே சொல்லிவிடும். இன்னொரு வகையான இன்னோடிபி அப்படி வைத்திருப்பதில்லை. ஒரே கணத்தில் வெவ்வேறு பரிவர்த்தனைகளின் பார்வையில் வெவ்வேறு எண்ணிக்கை இருக்கலாம் என்பதால் எண்ணித்தான் சொல்கிறது.

தமிழில் எழுதும் நிரலாளருக்கு இன்னொரு கேள்வியும் காத்திருக்கிறது: எதை எண்ணுவது? 'தமிழ்' என்ற சரத்தின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து யுனிகோடு குறிகள். ரஸ்ட், கோ மொழிகளின் 'லென்' 15 என்னும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். இரண்டுமே முன்பே எழுதி வைத்த எண்கள், ஆகவே ஓ(1). ஸ்விஃப்ட் மொழியோ நாம் பள்ளியில் எண்ணிய மாதிரி 3 என்று சொல்லும். எந்தக் குறி எந்த எழுத்தோடு சேரும் என்று பார்த்துக்கொண்டே போனால்தான் அது தெரியும் என்பதால் அங்கே செலவு ஓ(என்). பைத்தானில் எழுத்துகளாகப் பிரிக்க 'ஓப்பன்-தமிழ்' நூலகம் இருக்கிறது. அதுவும் சரம் முழுவதையும் நடந்தே பிரிக்கும். குறுக்கெழுத்துப் புதிர் போன்ற நிரல் எழுதுபவர்கள் எழுத்து எண்ணிக்கையை ஒருமுறை கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி ஏற்க வேண்டியதில்லை. பைத்தானோடு வரும் 'டைம்இட்' கொண்டு பத்து உறுப்புகள் உள்ள லிஸ்ட்டுக்கும் ஒரு கோடி உறுப்புகள் உள்ள லிஸ்ட்டுக்கும் 'லென்' எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டும் நானோவிநாடிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிறகு அதே லிஸ்ட்டுகளை மடக்கு ஒன்றில் விட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்று கூட்டி எண்ணிப் பாருங்கள். கடைசியாக ஒரு ஜெனரேட்டரை எடுத்து அதன் மேல் 'லென்' அழையுங்கள்: நேரம் எதையும் காட்டாமல் பிழைச்செய்திதான் வரும். உறுப்புகளைக் கேட்கக் கேட்க உருவாக்கித் தருவது ஜெனரேட்டர். எத்தனை வரும் என்பது அதற்கே தெரியாது. மடக்கில் விட்டு எண்ணலாம்தான், ஆனால் எண்ணி முடிக்கும்போது அது தீர்ந்துபோயிருக்கும். உறுப்புகளும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும் என்றால் முதலில் அதை லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.